கடலடியில் வழுக் கணக்கு

கடல்நீருக்குள் ஜிபிஎஸ் வேலை செய்யாது. செய்மதியிலிருந்து இருபதாயிரம் கிலோமீற்றர் தாண்டி வரும் அந்த வானலை, உப்புநீரில் சில சென்ரிமீற்றர் இறங்குவதற்குள் செத்துப்போகும். கைப்பேசியைப் பார்த்தே ஒழுங்கைக்குள் திரும்பப் பழகிய பிள்ளைகள் இதை நம்புவதில்லை. "அப்ப நீர்மூழ்கிக் கப்பல் எப்பிடி ஐயா வழி பாக்கும்?" என்று கொழும்புத்துறைப் பெடியன் ஒருவன் என்னைக் கேட்டான். "தான் எங்கை நிக்கிறனெண்டு அதுக்கு வடிவாத் தெரியாது தம்பி. எவ்வளவு பிழையா நிக்கலாமெண்டு மட்டும் தெரியும்" என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டான். நான் சம்பளம் வாங்கிய தொழிலே அந்தப் பிழைக்குக் கணக்கு வைத்திருப்பதுதான்.

நான் நீர்மூழ்கியில் போனவன் அல்லன். நோர்வேயில், கடலடி அளவைக் கப்பல்களில், ஆளில்லாமல் தானாக ஓடும் ஊர்திகளுக்கு வழி பார்த்தவன். எண்ணெய்க்கும் வாயுவுக்கும் குழாய் போடுமுன் கடற்படுக்கையை அளக்கவேண்டும். போட்ட குழாய் போட்ட இடத்தில் கிடக்கிறதா என்று பிறகும் பார்க்கவேண்டும். அதற்குத்தான் ஹியூகின். நோர்வேயின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் கொங்ஸ்பெர்க் நிறுவனமும் தொண்ணூறுகளில் சேர்ந்து உருவாக்கிய ஊர்தி அது. ஐந்து மீற்றர் மட்டில் நீளம், பருத்த உடல், பின்னால் ஒரு சுழலி. கப்பலின் பின்புறத்தால் சறுக்கி விழுந்து மறைந்த பிறகு அதற்குக் கயிறும் இல்லை, கம்பியும் இல்லை. வழி பார்க்கும் வில்லங்கம் அதற்கும் நீர்மூழ்கிக்கும் ஒன்றேதான்.

நோர்வே எங்கள் யாழ்ப்பாணக் கரைக்குப் புதிய பெயர் அல்ல. பக்கத்துக் குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் 1956 இல் அங்கே போனார். மீன்பிடித் தொழிலைப் படித்து வந்து, நோர்வேக்காரரின் உதவியோடு 1967 இல் சீநோர் நிறுவனத்தைத் தொடக்கினார். குருநகரில் வலைத் தொழிற்சாலை, காரைநகரில் படகு கட்டும் துறை. அவர் திறந்த வழியால் பின்னர் பலர் அந்த நாட்டின் மக்கள் உயர்பள்ளிகளுக்குப் படிக்கப் போனார்கள். எண்பதுகளில் நானும் போனேன். பள்ளி முடிய, வடக்கே ஃபின்மார்க்கில் மீன் வெட்டும் தொழிற்சாலை. கை விறைக்க வெட்டிய காசில் பௌதிகமும் கணிதமும் படித்து, பிறகுதான் அளவைக் கப்பலில் ஏறினேன்.

கப்பலில் எனக்குத் தொழில் பழக்கியவர், நோர்வேக் கடற்படையின் கொப்பன் வகை நீர்மூழ்கியில் வழிகாட்டி அதிகாரியாக இருந்து இளைப்பாறியவர். இராக் காவலில் கோப்பிக் குவளையும் கையுமாக இருந்து அவர் சொன்ன கதைகளில்தான் இந்தத் தொழிலின் வரலாறு எனக்கு முதலில் வந்து சேர்ந்தது. புத்தகங்களைப் பிறகு பார்த்தேன். பெரிதாகப் பிழை சொல்லியிருக்கவில்லை மனிசன்.

தொடக்ககால நீர்மூழ்கிகள் மீனைப்போல நீருக்குள் சீவித்தவை அல்ல. பெரும்பாலும் மேலேதான் ஓடின. தாக்கவும் ஒளிக்கவும் மட்டும் மூழ்கின. இரவில் மேலே வந்து நட்சத்திரம் பிடித்து இடம் குறிப்பார்கள். கீழே போனதும் திசை, வேகம், நேரம் மூன்றையும் வைத்து வரைபடத்தில் கோடு இழுப்பார்கள். ஆனால் உருக்குக் கூட்டுக்குள், மின்கலங்களுக்கும் மோட்டர்களுக்கும் நடுவில், காந்த ஊசி சொன்ன சொல் கேளாது. வடக்கே தெரியாவிட்டால் கோட்டை எங்கே இழுப்பது?

இதற்கு வழி கண்டவர் கடற்படைக்காரர் அல்லர். கலை வரலாறு படித்த ஜேர்மானியர், ஹெர்மன் அன்ஷூட்ஸ்-கெம்ஃபே. பனிக்குக் கீழால் நீர்மூழ்கியில் வடதுருவம் போகவேண்டும் என்பது அவருடைய கனவு. அங்கே காந்த ஊசி உதவாது என்று கண்டு, வேகமாகச் சுழலும் சக்கரம் ஒன்று பூமியின் சுழற்சியையே உணர்ந்து மெய்யான வடக்குக்குத் திரும்பும் ஜைரோ திசைகாட்டியைச் செய்தார். 1908 இல் ஜேர்மன் போர்க்கப்பல் ஒன்றில் அது சோதிக்கப்பட்டது. அமெரிக்காவின் எல்மர் ஸ்பெரி தானும் ஒன்று செய்ய, இரு தரப்புக்கும் காப்புரிமை வழக்கு வந்தது. நீதிமன்றம் கூப்பிட்ட நிபுணர் அல்பேர்ட் ஐன்ஸ்டைன். அன்ஷூட்ஸ் மட்டும் கடைசிவரை துருவத்துக்குப் போகவேயில்லை.

போனது அமெரிக்காவின் நோட்டிலஸ் நீர்மூழ்கி, 1958 ஓகஸ்ட் 3 அன்று. அதற்கு முந்திய வருடமும் பனிக்கடியில் நுழைந்து, ஜைரோக்களுக்கு மின்சாரம் நின்றுபோய்த் திரும்பிய கப்பல் அது. துருவத்தை நெருங்க நெருங்க ஜைரோ திசைகாட்டிக்கு வடக்கைத் தேடும் பிடி தளர்ந்துவிடும். பூமியின் அச்சு அங்கே காலுக்குக் கீழே செங்குத்தாக நிற்பதுதான் காரணம். ஆகவே இரண்டாம் முறை வேறொரு பெட்டியையும் கொண்டுபோனார்கள். நவஹோ என்ற, இடையில் கைவிடப்பட்ட ஏவுகணைக்காகச் செய்த சடத்துவ வழிகாட்டி அது. என்6ஏ என்று பெயர். பறப்பதற்குச் செய்தது, கடைசியில் பனிக்கடியில் ஊர்ந்தது.

உயர்தரத்தில் பௌதிகம் படித்தவருக்கு இந்தப் பெட்டியின் உள்விவரம் இலேசு. ஆர்முடுகலை அளந்து நேரத்தோடு தொகையிட்டால் வேகம் வரும். வேகத்தைத் தொகையிட்டால் எவ்வளவு தூரம் வந்தோம் என்பது வரும். எந்தப் பக்கம் வந்தோம் என்பதை ஜைரோக்கள் சொல்லும். வெளியே எட்டிப் பார்க்கத் தேவையில்லை, எவரையும் கூப்பிடத் தேவையில்லை. ஒளிந்திருப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் தொகையிடும்போது வழுவும் கூடவே தொகையாகும். ஆர்முடுகல்மானியில் புவியீர்ப்பின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிழை இருந்தால், வெறுங்கணக்கில் அது ஒரு மணித்தியாலத்தில் ஆறு கிலோமீற்றருக்கு மேல் போய்விடும்.

அங்கே கைகொடுப்பவர் மக்ஸ் ஷூலர், அன்ஷூட்ஸின் ஒன்றுவிட்ட சகோதரர். பூமியின் வளைவோடு சேர்ந்து தன்னை மட்டமாக்கிக்கொள்ளும்படி கருவியை அமைத்தால், அந்தப் பிழை கட்டவிழ்ந்து வளராமல் 84.4 நிமிடத்துக்கொரு தரம் ஊசலாடும். பூமியின் ஆரையளவு நீளமான ஊசல் ஒன்றிருந்தால் அது ஆடும் காலமும் அதுவே. இதைப் பாடமாகப் படிப்பது வேறு, திரையில் பார்ப்பது வேறு. துணைக் கருவிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தனியே ஓடவிட்டால், வழுக்கோடு அந்தத் தாளத்தில் ஏறி இறங்கும். இறங்கும் நேரம் பார்த்துப் புதிதாய் வந்தவர்கள் "சரியாகிவிட்டது" என்பார்கள். சரியாகாது. ஜைரோவின் சொந்த வழு அந்த அலைக்கு அடியில் மெல்ல வளர்ந்துகொண்டே இருக்கும். நல்ல வணிகக் கருவிகூடத் துணையின்றி விட்டால் மணித்தியாலத்துக்கு ஒரு கடல்மைல் மட்டில் விலகும். சுழலும் சக்கரம் போய், லேசர் வளையம் வந்து, கண்ணாடி இழை வந்து விட்டது. வழுவின் வளர்ச்சி குறைந்ததே தவிர நின்றபாடில்லை.

1960 இல் போலாரிஸ் ஏவுகணைகளோடு ஜோர்ஜ் வாஷிங்டன் என்ற நீர்மூழ்கி புறப்பட்டபோது இந்த வழு பெரிய இடத்துக் கவலையாயிற்று. ஏவும் இடம் எவ்வளவு பிழையோ, விழும் இடமும் அவ்வளவு பிழை. அந்தக் கப்பல்களுக்காகவே ட்ரான்சிற் செய்மதிகள் ஏறின. 1964 இல் கடற்படைக்கும் 1967 இல் வணிகக் கப்பல்களுக்கும் கிடைத்தன. ஜிபிஎஸ்ஸுக்கு மூத்தவை. ஆனால் செய்மதி தலைக்கு மேலால் போகும்வரை சில நிமிடங்களுக்கு அன்ரெனாவை நீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

மிகத் தாழ்ந்த அதிர்வெண் வானலை மட்டும் கடல்நீருக்குள் பத்து, இருபது மீற்றர் வரை இறங்கும். திருநெல்வேலிக்குத் தெற்கே விஜயநாராயணத்தில், 1990 இலிருந்து, இந்தியக் கடற்படை தன் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவது அந்த அலையில்தான். நிலையத்தின் பெயர் ஐஎன்எஸ் கட்டபொம்மன். செய்தி அனுப்புவதற்கு மட்டுமல்ல, வழி பார்ப்பதற்கும் இதே வகை அலையை ஒமேகா என்ற முறை பயன்படுத்தியது. உலகம் முழுவதற்கும் எட்டே நிலையங்கள். 1997 இல் அதை மூடிவிட்டார்கள். ஜிபிஎஸ் இருக்க வேறெதற்கு என்ற எண்ணம். ஜிபிஎஸ் அலையைக் குழப்பும் கருவிகள் மலிந்துவிட்ட இன்றைக்கு அது அவசர முடிவாகவே எனக்குப் படுகிறது.

பழக்கியவர் ஒருநாள் சொன்னார்: "நீங்கள் கத்திக்கொண்டே வழி தேடுகிறீர்கள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு தேடினோம்." உண்மை. எங்கள் ஊர்தி கடல் முழுக்கக் கேட்க ஒலியெழுப்பலாம். எவனும் குண்டு போட வரமாட்டான். நீர்மூழ்கிக்கு ஒவ்வொரு ஒலியும் தன் விலாசத்தை எழுதிக் கொடுப்பது மாதிரி. அதனால் அவர்கள் எங்களைவிட விலைகூடிய பெட்டி வைத்திருந்தும் எங்களைவிடக் கூடிய வழுவோடு ஓடுகிறார்கள்.

எங்களுடைய பெரிய துணை டொப்ளர் வேகமானி. அதைப் பற்றிச் சொல்லுமுன் என் தகப்பனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐயா களப்பில் தொழில் செய்தவர். கொழும்புத்துறைக்கும் பூநகரிக்கும் இடையில் பல இடங்களில் ஓர் ஆள் ஆழம்கூட இல்லை. வாடை பிறந்து மழை மூட்டம் இறங்கினால் கரை வெளிச்சம் ஒன்றும் தெரியாது. அப்போது வள்ளத்தைத் தாங்கும் கோல்தான் அவருக்குக் கண். சேறு கோலை இழுத்துப் பிடிக்கும். மணலில் நறுக்கென்று நிற்கும். சாதாளையில் வழுக்கும். "சேறு பிடிக்குதோ? அப்ப இன்னும் வாய்க்காலுக்கைதான் நிக்கிறம். மணல் தட்டட்டும், பிறகு வடக்கை பிடி" என்பார். ஒரு தாங்கலுக்கும் அடுத்த தாங்கலுக்கும் இடையில் வள்ளம் எவ்வளவு போனது என்பதும் அந்தக் கோலில் தெரியும். நீரோட்டம் வள்ளத்தைப் பக்கவாட்டில் தள்ளினாலும் கோல் ஊன்றிய இடம் நகராதே. தொண்ணூறுகளில் ஆனையிறவுப் பாதை மூடிக்கிடந்தபோது கிளாலியால் சனம் விளக்கில்லாமல் களப்பைக் கடந்ததும் இப்படி அடி தெரிந்தவர்களை நம்பித்தான். அப்போது நான் நோர்வேயில் இருந்தேன்.

டொப்ளர் வேகமானி ஐயாவின் கோலை ஒலியால் செய்தது. ஊர்தியின் வயிற்றிலிருந்து நாலு பக்கமும் சரிவாக ஒலிக்கற்றைகள் கடலடிக்குப் போய்த் திரும்பும். திரும்பும் ஒலியின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதிலிருந்து, அடித்தரையோடு ஒப்பிட்ட வேகம் கிடைக்கும். பழைய வேகமானிகள் சுற்றியிருக்கும் நீரோடு ஒப்பிட்டே அளந்தன. நீரே ஓடினால் அவற்றுக்குத் தெரியாது. இந்த வேகத்தைச் சடத்துவப் பெட்டிக்கு ஊட்டினால் வழு கடல்மைல் கணக்கிலிருந்து மீற்றர் கணக்குக்கு இறங்கும். பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் திசை வழு. பத்துக் கிலோமீற்றர் நேரே ஓடினால், பத்திலொரு பாகை திசைப் பிழைக்குப் பதினேழு மீற்றர் விலகல். அதனால்தான் போன திசைக்கு எதிர்த்திசையில் அடுத்த கோட்டை ஓடவைப்போம். போகும்போது ஏறும் வழுவில் பெரும்பகுதி வரும்போது இறங்கிவிடும்.

ஆனால் 300 கிலோஹேர்ட்ஸ் வேகமானிக்கு 200 மீற்றருக்கு மேல் அடி எட்டாது. ஆயிரம் மீற்றர் ஆழத்துக்கு ஊர்தி சுற்றிச் சுற்றி இறங்கும்போது, மேலும் பிடியில்லை, கீழும் பிடியில்லை. அந்த நேரம் கப்பல்தான் கைகொடுக்கும். கப்பலின் அடியிலிருந்து ஒலி போகும், ஊர்தி மறுமொழி சொல்லும். திசையும் தூரமும் கிடைக்கும். கப்பலுக்குத் தன் இடம் ஜிபிஎஸ்ஸால் தெரியும். கடலில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 1500 மீற்றர் மட்டில். 3000 மீற்றர் ஆழத்து ஊர்தியின் பதில் வந்துசேர நாலு செக்கன். அதற்குள் அது எட்டு மீற்றர் தள்ளிப் போயிருக்கும். அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இந்த 1500 என்பதை நம்பியிருந்தால் தொழில் நடக்காது. வெப்பம், உவர்ப்பு, அமுக்கம் மூன்றும் ஒலியின் வேகத்தை மாற்றும், பாதையை வளைக்கும். நோர்வேக் கால்வாய் என்னும் கடலடிப் பள்ளத்தில் ஒருமுறை வேலை. வாயு கசிந்து உண்டான குழிகள் அங்கே ஏராளம். வழிகாட்டிக்கு அவை வரப்பிரசாதம். போன கோட்டில் பார்த்த குழியைத் திரும்பும் கோட்டில் மறுபடி பார்க்கலாம், இரண்டும் ஓரிடத்தில் விழுந்தால் நிம்மதி. அன்றைக்கு விழவில்லை. ஒரே குழி வரைபடத்தில் இரண்டு இடத்தில், சில மீற்றர் இடைவெளியில். வேலை தந்த நிறுவனத்தின் ஆள் ஜைரோவைக் குறை சொன்னார், ஊர்தியை மேலே எடுக்கச் சொன்னார். திசை வழு என்றால் கோட்டின் தொடக்கத்தில் சிறிதாகவும் முடிவில் பெரிதாகவும் இருக்கவேண்டும். இது கோடு நெடுகலும் ஒரேயளவில் இருந்தது. கப்பல் ஊர்திக்கு எந்தப் பக்கம் நின்றதோ அந்தப் பக்கத்தோடு சேர்ந்தே மாறியது. ஊர்தியில் குற்றமில்லை, நடுவில் இருக்கும் நீரில்தான் ஏதோ மாறியிருக்கிறது. உணரியை இறக்கி நீரை மேலிருந்து கீழ்வரை மறுபடி அளந்தோம். பால்டிக் கடலிலிருந்து வரும் உவர்ப்புக் குறைந்த நீர் நோர்வேக் கரையோரமாக வடக்கே ஓடும். காற்று மாற அந்த மேற்படை விரியும், சுருங்கும். இரவுக்குள் எங்கள் தலைக்கு மேலேயே விரிந்திருந்தது. புதிய அளவைப் போட்டதும் இரண்டு குழியும் ஒன்றாயின. ஊர்தி மேலே வரவில்லை. ஒருநாள் கப்பல் கூலி மிச்சம், அந்த ஆள் நன்றி சொல்லவுமில்லை.

இவ்வளவு செய்தும், இருக்கும் இடம் தெரிந்தால் மட்டும் போதாது. முன்னால் இருப்பது வரைபடத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2005 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நீர்மூழ்கி குவாமுக்குத் தெற்கே முழு வேகத்தில் கடலடி மலையொன்றில் மோதியது. ஒரு மாலுமி இறந்தார். அவர்கள் விரித்து வைத்திருந்த வரைபடத்தில் மலை இல்லை. வேறொரு வரைபடத்தில் அந்தப் பக்கத்து நீர் நிறம் மாறியிருந்ததாகக் குறிப்பு இருந்தது. 2021 ஒக்ரோபரில் கனெக்ரிகட் என்ற இன்னொன்று தென்சீனக் கடலில் இதேபோல் மோதியது. உலகக் கடலடியில் நவீன முறையில் அளந்தது இன்றைக்கும் கால்பங்கு மட்டில்தான். அளந்த இடங்களில், அடித்தரையின் மேடுபள்ளத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டே இடம் கண்டுபிடிக்க எங்கள் ஊர்திக்குத் தெரியும். சத்தம் போட முடியாத நீர்மூழ்கிக்காக, புவியீர்ப்பின் நுண்ணிய மாற்றங்களை உணரும் கருவியை அமெரிக்கக் கடற்படை உருவாக்கியது. மலை இருந்தால் ஈர்ப்பு மாறும். கோல் ஊன்றாமலே அடியை அறிகிற வித்தை என்று அதை நான் மெச்சுவேன்.

ஊரில் கேட்கிற இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பாக்கு நீரிணையில் நீர்மூழ்கி திரியுமா? திரியாது. எங்கள் பக்கத்துக் கடல் பெரும்பாலும் பதினைந்து மீற்றருக்கு உட்பட்டது. கோபுரத்தோடு சேர்த்தால் பல நீர்மூழ்கிகளின் உயரமே பத்து மீற்றருக்கு மேல். 2014 இல் சீன நீர்மூழ்கி வந்து நின்றது கொழும்புத் துறைமுகத்தில். பத்திரிகைத் தலைப்பைப் பார்த்துவிட்டு எங்கள் கொழும்புத்துறை என்று பதறித் தொலைபேசி எடுத்த உறவினர் ஒருவர் எனக்கு ரொறன்ரோவில் இருக்கிறார்.

ஹியூகின் வகை ஊர்திகள் 2018 இல் எம்எச்370 விமானத்தைத் தேடி இந்து சமுத்திரத்தின் தெற்கை உழுதன. விமானம் கிடைக்கவில்லை. அதே வருடம் நவம்பரில், ஆர்ஜென்ரீனாவின் சான் ஹுவான் நீர்மூழ்கியை, காணாமற்போய் ஒரு வருடத்துக்குப் பிறகு, 907 மீற்றர் ஆழத்தில் கண்டுபிடித்தன. மனிதரோடு போய்த் தொலைந்த நீர்மூழ்கியை ஆளில்லாத நீர்மூழ்கிகள் தேடிக் கண்டுகொண்டன. தேடிய இடத்தை மறுபடி தேடாமலிருக்க, தேடாத இடத்தைத் தேடியதாக எழுதாமலிருக்க, வழுக் கணக்கு அங்கேதான் மனிதருக்குப் பிரயோசனப்படுகிறது.

சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6000 மீற்றர் ஆழத்துக்கு அனுப்ப மத்ஸ்யா-6000 ஐக் கட்டிவருகிறது. அதற்கும் இதே கணக்குத்தான். இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் பிள்ளைகள் இணைந்த கணிதத்தையும் பௌதிகத்தில் ஒலிப் பாடத்தையும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். நீச்சல் பிறகு பழகலாம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவரிடம் ஒரு வேண்டுகோள். பாசையூரிலும் குருநகரிலும் கொழும்புத்துறையிலும் கோல் தாங்கிய மூத்த தொழிலாளிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். களப்பில் எங்கே சேறு, எங்கே மணல், மாரி வெள்ளம் எந்த வாய்க்காலை எப்படி மாற்றும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஒரு வள்ளம், சிறிய எதிரொலிமானி, கைப்பேசி இருந்தால் அவர்களையும் ஏற்றிக்கொண்டு போய் அதை வரைபடமாக்கலாம். ஒலியின் வேகத்தைத் திருத்துவதும் கோடுகளைப் பொருத்துவதும் எப்படி என்று காட்டித்தர நான் இருக்கிறேன். சோழகம் பெயர்வதற்கு முன் தொடங்கினால் நல்லது. பிறகு களப்பு கலங்கி, வள்ளம் ஒரு கோட்டில் நிற்காது.